ஆழமாக யோசித்த சொல் நினைவில் நிற்குமா? தமிழில் இந்தச் சோதனையைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உளவியல் முதுகலையில் செய்முறைக்கோ ஆய்வேட்டுக்கோ ஒரு நினைவாற்றல் சோதனை செய்யச் சொல்லியிருப்பார்கள். தலைப்புகளின் பட்டியலில் 'செயலாக்க ஆழமும் சொல் நினைவும்' இருக்கும். பார்த்தவுடன் இதுதான் எளிது என்று தோன்றும். ஒரு சொல்லின் எழுத்தை மட்டும் பார்த்தவரைவிட, அதன் பொருளை யோசித்தவருக்கு அது நன்றாக நினைவிருக்கும். அதைச் சோதித்துக் காட்ட ஒரு சொற்பட்டியலும் கடிகாரமும் போதாதா என்று நானும் நினைத்துத்தான் எடுத்தேன். முதல் சுற்றில் 24 பேரிடம் வாங்கிய தரவு முழுவதையும் ஒதுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

காரணம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இருந்த சோதனையைத் தமிழில் பெயர்த்துக்கொண்டேன். இந்தச் சோதனை மொழிபெயர்ப்பில் நிற்காது. நம் எழுத்துக்கும் நம் ஒலிக்கும் ஏற்றபடி கேள்விகளைப் புதிதாக எழுத வேண்டும். அதற்குத்தான் கீழே நிறைய இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்றவை வேகமாகப் போய்விடும்.

1. சோதனையின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

ஒரு சொல்லை எவ்வளவு ஆழமாக யோசிக்கிறோமோ அவ்வளவு நன்றாக அது நினைவில் நிற்கும் என்ற கருத்தை 1972-இல் கிரெய்க், லாக்ஹார்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் முன்வைத்தார்கள். 1975-இல் கிரெய்க்கும் டல்விங்கும் அதைப் பல சோதனைகளாகச் செய்து காட்டினார்கள். நீங்கள் செய்யப் போவது அந்த 1975 சோதனையின் சிறிய வடிவம்.

அமைப்பு இதுதான். பங்கேற்பாளரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கிறோம். அப்புறம் ஒரு சொல் தெரிகிறது. அவர் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறிக்கிறார். கேள்வி மூன்று வகை: எழுத்தின் தோற்றத்தைப் பற்றியது, ஒலியைப் பற்றியது, பொருளைப் பற்றியது. சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளும்படி யாரும் அவரிடம் சொல்வதில்லை. எல்லாம் முடிந்தபின், எதிர்பாராத நேரத்தில், 'பார்த்த சொற்களை எழுதுங்கள்' என்கிறோம். எந்த வகைக் கேள்வியோடு வந்த சொற்கள் அதிகம் நினைவுக்கு வருகின்றன என்று எண்ணுகிறோம்.

2. மூன்று கேள்விகளையும் தமிழுக்காக எழுதுங்கள்

அவசரப்படாமல் இந்தப் படிக்கு இரண்டு வாரம் கொடுங்கள்.

*தோற்றக் கேள்வி.* ஆங்கிலத்தில் 'சொல் பெரிய எழுத்தில் இருக்கிறதா?' என்று கேட்பார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் நான் முதலில் 'இந்தச் சொல்லில் புள்ளி வைத்த எழுத்து இருக்கிறதா?' என்று கேட்டேன். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதில் சிக்கல் உண்டு. புள்ளியே இல்லாத சொற்களைத் தேடினால் ஊசி, சாவி, ஏணி, கதவு, பலகை என்று இரண்டு மூன்று எழுத்துச் சொற்களாகவே வந்து நிற்கும். புள்ளி உள்ளவை பம்பரம், கரண்டி, வளையல் என்று நீண்டுவிடும். கடைசியில் நீங்கள் அளப்பது ஆழத்தையா, சொல்லின் நீளத்தையா என்று சொல்ல முடியாமல் போகும்.

'தடித்த எழுத்தில் இருக்கிறதா?' என்று கேளுங்கள். எந்தச் சொல்லையும் தடித்தும் காட்டலாம், சாதாரணமாகவும் காட்டலாம். இதில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது: தோற்றக் கேள்விக்குரிய சொற்களில் மட்டும் தடித்த எழுத்தைப் பயன்படுத்தினால் அவை கண்ணில் பட்டு, அதனாலேயே நினைவில் நின்றுவிடும். மூன்று வகையிலும் பாதிச் சொற்களைத் தடித்த எழுத்தில் வையுங்கள். இரண்டாவது: சில தமிழ் எழுத்துருக்களில் தடித்த வடிவமே கிடையாது. கணினி தானாக எழுத்தைப் பருமனாக்கும், புள்ளி அப்பிக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ் போல உண்மையான தடித்த வடிவம் உள்ள எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள்.

*ஒலிக் கேள்வி.* எனக்கு மிகவும் அடிவாங்கித் தந்த கேள்வி இது. ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் ஒரே மாதிரி முடிந்து ஒலிக்கும், ஆனால் எழுத்து வேறாக இருக்கும். ஆகவே ஒலித்துப் பார்த்தால்தான் விடை சொல்ல முடியும். தமிழில் ஒலிக்கிறபடியே பெரும்பாலும் எழுதுகிறோம். 'கயிறு' என்ற சொல் 'வயிறு' என்ற சொல்லோடு ஒத்து ஒலிக்குமா என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தால், பங்கேற்பாளர் வாய்க்குள் சொல்லிப் பார்க்கவே வேண்டாம். கடைசி இரண்டு எழுத்தைக் கண்ணால் ஒப்பிட்டாலே போதும். அந்த நொடியிலேயே உங்கள் ஒலிக் கேள்வி தோற்றக் கேள்வியாகிவிட்டது. என் முதல் சுற்றில் இந்த இரண்டு வகைக்கும் இடையே வேறுபாடே தெரியாமல் போனது இதனால்தான். எதுகை பார்க்கச் சொன்னாலும் இதே கதைதான், இரண்டாம் எழுத்தைக் கண் பிடித்துவிடும்.

தீர்வு: ஒப்பிட வேண்டிய சொல்லைக் காதுக்குக் கொடுங்கள். 'வயிறு என்பதோடு ஒத்து ஒலிக்குமா?' என்று குரலில் கேட்க வேண்டும். 'கயிறு' மட்டும் திரையில் தெரிய வேண்டும். கேட்டதையும் பார்த்ததையும் ஒப்பிட, பார்த்ததை ஒலித்தாக வேண்டும். ஒரு வகைக்கு மட்டும் குரல் என்றால் அதுவும் வேறுபாடாகிவிடும். அதனால் மூன்று வகைக் கேள்விகளையும் கைபேசியில் ஒரே குரலில் பதிவு செய்துவிடுங்கள்.

இணைச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது ல, ள, ழ மூன்றும் எதிரெதிரே வராமல் பாருங்கள். 'வாளி'க்குத் 'தாலி' என்று நான் வைத்திருந்தேன். ஒருவர் ஆம் என்றார், அடுத்தவர் இல்லை என்றார். இருவர் சொன்னதும் அவரவர் பேச்சுக்குச் சரி. ன-ண, ர-ற ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். இன்னொரு பொறி: 'கட்டில்' என்பதற்குத் 'தொட்டில்' என்று வைக்காதீர்கள். ஒலி ஒத்து வருவதோடு பொருளும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஊசி–பாசி, சாவி–ஆவி, ஏணி–ஆணி போன்று பொருளில் ஒட்டாத இணைகளே வேண்டும்.

*பொருள் கேள்வி.* ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, கோடிட்ட இடத்தில் இந்தச் சொல் பொருந்துமா என்பார்கள். தமிழில் சொல்லோடு வேற்றுமை உருபு சேர வேண்டும். 'கயிறு' வாக்கியத்துக்குள் போனால் 'கயிற்றை', 'கயிற்றால்' என்று மாறிவிடும். திரையில் பார்த்த வடிவம் வேறு, மனத்துக்குள் ஓடிய வடிவம் வேறு.

வகைக் கேள்வியும் (இது பறவையா, இது பாத்திரமா) சிரமம்தான். பின்னால் நினைவுகூரும்போது 'பறவை ஒன்று வந்ததே' என்று கேள்வியே துப்புக் கொடுத்துவிடும்.

கடைசியில் நான் வைத்தது ஒரே கேள்வி: 'இது ஒரு மஞ்சப்பைக்குள் அடங்குமா?' கேட்டவர்கள் எல்லோருக்கும் மஞ்சப்பை தெரியும். அளவை மனத்துக்குள் பார்க்காமல் விடை சொல்ல முடியாது, சொல்லின் வடிவமும் மாறாது. ஊசி அடங்கும், ஏணி அடங்காது. 'குடை' போன்றவற்றை விட்டுவிடுங்கள். மடக்குக் குடையா நீளக் குடையா என்று உங்களிடமே திருப்பிக் கேட்பார்கள்.

இந்தக் கேள்வியில் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. 1975 சோதனைகளில் 'ஆம்' என்று விடை வந்த சொற்கள், 'இல்லை' என்று வந்தவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. வாக்கியத்தில் பொருந்திய சொல் அந்த வாக்கியத்தோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்கிறது, பொருந்தாத சொல்லுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. ஆனால் அளவை ஒப்பிடும் கேள்விகளில் இந்த வேறுபாடு இல்லாமல் போனதை அவர்களே காட்டியிருக்கிறார்கள். ஏணி ஏன் பைக்குள் போகாது என்று யோசிப்பதும் யோசனைதானே.

3. சொற்களைப் பொறுக்குங்கள்

36 சொற்கள் போதும். எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய பொருளின் பெயராக இருக்கட்டும். 'அன்பு', 'நீதி' போன்றவை மஞ்சப்பைக் கேள்விக்கு ஒத்துவராது. இரண்டு முதல் நான்கு எழுத்துக்குள் நிறுத்துங்கள்.

ஊருக்கு ஊர் பெயர் மாறும் பொருளை எடுக்காதீர்கள். துடைப்பம் ஒரு ஊரில் விளக்குமாறு, நாகர்கோவில் பக்கம் வாரியல். எழுத்து வடிவமும் பேச்சு வடிவமும் வெகுதூரம் விலகும் சொற்களும் வேண்டாம்.

36-ஐத் தலா 12 சொற்கள் கொண்ட மூன்று பட்டியல்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் 6 சொற்கள் பைக்குள் அடங்குபவை, 6 அடங்காதவை. அதேபோல 6 சொற்களுக்கு ஒத்து ஒலிக்கும் இணை, 6 சொற்களுக்கு ஒலிக்காத இணை. தடித்தவை 6, சாதாரணம் 6. இந்த மூன்று பாகுபாடும் ஒன்றோடொன்று கலந்திருக்க வேண்டும். அடங்குபவை எல்லாம் தடித்த எழுத்தில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது.

இது தவிர, தொடக்கத்தில் 3, முடிவில் 3 என்று கணக்கில் சேராத 6 சொற்கள் வேண்டும். பட்டியலின் முதலிலும் கடைசியிலும் வரும் சொற்கள் எப்படியும் நினைவில் நிற்கும். அவை உங்கள் கணக்கைக் கெடுக்காமலிருக்கத்தான் இந்தக் காவல் சொற்கள். ஆக மொத்தம் 42.

4. ஒன்றல்ல, மூன்று படிவங்கள்

முதல் சுற்றில் எல்லோருக்கும் ஒரே படிவம் கொடுத்தேன். பொருள் கேள்வியோடு வந்த 12 சொற்களில் யானையும் குதிரையும் இருந்தன. யானையை யார்தான் மறப்பார்கள்? நினைவில் நின்றது கேள்வியாலா, யானையாலா என்று என் ஆய்வு வழிகாட்டி கேட்டபோது பதில் இல்லை.

படிவம் அ-வில் முதல் பட்டியலுக்குத் தோற்றக் கேள்வி, இரண்டாவதற்கு ஒலி, மூன்றாவதற்குப் பொருள். படிவம் ஆ-வில் ஒரு இடம் நகர்த்துங்கள். படிவம் இ-யில் இன்னொரு இடம். ஒவ்வொரு சொல்லும் மூன்று வகைக் கேள்வியோடும் வந்துவிடும். ஒரு படிவத்துக்குள் கேள்விகளைக் கலைத்துப் போடுங்கள், ஆனால் ஒரே வகை தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் வராமல் பாருங்கள்.

பங்கேற்பாளர் எண்ணிக்கை மூன்றால் வகுபட வேண்டும். ஒருவரே மூன்று வகையையும் செய்கிற அமைப்பு என்பதால் கூட்டம் பெரிதாக வேண்டாம். நடுத்தர விளைவை (வேறுபாட்டின் அளவு 0.5), 80 விழுக்காட்டுத் திறனோடு (வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு), வழக்கமான 0.05 எல்லையில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), இரண்டு வகைகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க 34 பேர் வேண்டும் என்று ஜி-பவர் என்ற இலவசக் கருவி சொல்கிறது. 36 ஆக்கிக்கொண்டால் படிவத்துக்கு 12 பேர்.

5. காகிதங்கள்

சேகரிக்க வேண்டியவை இவை. எதையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

- வழிகாட்டியின் ஒப்புதல் கடிதம், கையெழுத்தும் தேதியுமாக.
- நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பம். கேள்விகள், சொற்பட்டியல், ஒப்புதல் படிவம் எல்லாம் இதோடு இணைக்க வேண்டும். ஆகவே 2, 3, 4 ஆம் படிகள் முடியாமல் விண்ணப்பிக்க முடியாது.
- வேறு கல்லூரியிலோ விடுதியிலோ தரவு எடுப்பதாக இருந்தால் அந்த முதல்வர் அல்லது காப்பாளரின் அனுமதிக் கடிதம்.
- பங்கேற்பாளருக்கான தகவல் தாளும் ஒப்புதல் படிவமும், தமிழில்.
- விவரத் தாள்: வயது, படிப்பு, தாய்மொழி, பள்ளியில் பயிற்றுமொழி. பெயர் வேண்டாம், எண் போதும்.
- விடைத்தாள், நினைவுகூர்தல் தாள், அடையாளம் காணும் தாள் (இது எதற்கு என்று 6 ஆம் படியில் சொல்கிறேன்).
- முடிவில் கொடுக்கும் விளக்கத் தாள்.

ஒப்புதல் படிவத்தின் தலைப்பில் நான் 'நினைவாற்றல் ஆய்வு' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி போதும், சோதனை கெட. வந்தவர்கள் எல்லோரும் முதல் சொல்லிலிருந்தே மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். 'சொற்களைப் பற்றி முடிவெடுத்தல்' என்று தலைப்பு வையுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை. 'ஆய்வின் முழு நோக்கம் முடிவில் விளக்கப்படும். அதைக் கேட்டபின்பும் உங்கள் தரவை விலக்கிக்கொள்ளலாம்' என்ற வரியைப் படிவத்தில் கட்டாயம் சேருங்கள். நோக்கத்தை முன்கூட்டிச் சொல்லாமல் விடுகிறீர்கள் என்பதையும் ஏன் என்பதையும் நெறிமுறைக் குழுவுக்கு வெளிப்படையாக எழுதுங்கள். என் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது இதை எழுதாததால்தான், அதில் இரண்டு வாரம் போனது.

வயதையும் பாருங்கள். இளங்கலை முதலாண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். 18 ஆகாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் அவருடைய இசைவும் இரண்டும் வேண்டும். விடுதி மாணவர் என்றால் பெற்றோர் கையெழுத்துக்கு வெளியூர் போக வேண்டும். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்களை அழைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

6. ஆறு பேரிடம் முன்னோட்டம் பாருங்கள்

அ, ஆ, இ என்ற படிவம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். இவர்களுடைய தரவு கணக்கில் சேராது. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, சொற்கள் திரையில் சரியாகத் தெரிகின்றனவா. என் மடிக்கணினியில் நன்றாக இருந்த ஸ்லைடுகள் கல்லூரிக் கணினியில் கட்டம் கட்டமாக வந்தன. இன்னொரு மென்பொருளில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ஒவ்வொரு சொல்லையும் படமாகச் சேமித்து, அந்தப் படத்தையே ஸ்லைடில் ஒட்டிவிடுங்கள். எந்தக் கணினியிலும் மாறாது.

இரண்டு, மதிப்பெண் தரையில் ஒட்டிக்கொள்கிறதா. தோற்றக் கேள்வியோடு வந்த 12 சொற்களில் என் முன்னோட்டத்தில் பெரும்பாலோர் எழுதியது பூஜ்யம் அல்லது ஒன்று. எல்லோரும் பூஜ்யத்தில் நின்றால் கணக்குப் போட ஒன்றுமிருக்காது. அதனால்தான் தாமாக எழுதச் சொல்வதோடு நிறுத்தாமல், பழைய 36 சொற்களையும் புதிய 36 சொற்களையும் கலந்து கொடுத்து 'எதைப் பார்த்தீர்கள்?' என்று கேட்கும் அடையாளம் காணும் சோதனையும் வைக்கச் சொல்கிறேன். நினைவுகூர்தல் எப்போதும் முதலில், அடையாளம் காண்பது அப்புறம். வரிசை மாறினால் நீங்களே எல்லாச் சொற்களையும் மறுபடி காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

7. சோதனை நாள்

ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒப்புதலுக்கு 5 நிமிடம். வேறு சொற்களை வைத்துப் பயிற்சி 2 நிமிடம். ஒரு சொல்லுக்கு 8 நொடி: கேள்வி ஒலிக்க 3, சொல் தெரிய 2, விடை குறிக்க 3. 42 சொற்களுக்கு ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று மேல். 1975 சோதனையில் சொல் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே தெரிந்தது. நமக்கு அந்தக் கருவி தேவையில்லை, ஆனால் எல்லா வகைக்கும் ஒரே நேரம் என்பதை மட்டும் மீறாதீர்கள்.

அடுத்து ஒரு நிமிடம் 300-லிருந்து மும்மூன்றாகக் குறைத்துச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். 300, 297, 294. கடைசியாகப் பார்த்த சொற்கள் நாக்கு நுனியில் தங்கிவிடாமலிருக்க இது தேவை. அப்புறம் வெற்றுத் தாளில் நினைவுகூர 4 நிமிடம், அடையாளம் காண 4 நிமிடம். பாதியில் 'அவ்வளவுதான்' என்று பேனாவை வைத்துவிடுவார்கள். நேரம் முடியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள், இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகும் சொற்கள் வரும்.

கடைசி 5 நிமிடம் விளக்கத்துக்கு. நோக்கத்தைச் சொல்லுங்கள். 'நினைவுச் சோதனை வரும் என்று முன்பே நினைத்தீர்களா?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறைவாக எழுதியவர்கள் முகம் வாடிவிடும். தோற்றக் கேள்விச் சொற்கள் யாருக்குமே நிற்பதில்லை, அது சோதனையின் அமைப்பு, உங்கள் நினைவாற்றலுக்கான மதிப்பெண் அல்ல என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் உங்களுக்காக அரை மணி நேரம் கொடுத்தவர்.

விடுதியில் செய்தால் செய்தி பரவும். காலையில் நான்கு பேர் முடித்தால் மதியத்துக்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிடும். வெளியே சொல்ல வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வெவ்வேறு துறையிலிருந்து ஆட்களை அழையுங்கள். அப்படியும் ஓரிருவர் தெரிந்து வந்தால் பதற வேண்டாம். ஹைட், ஜென்கின்ஸ் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனைகளில், பொருளை யோசிக்க வைத்தபோது, நினைவுச் சோதனை வரப்போவது தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் நினைவுகூர்ந்தார்கள். குறித்து வைத்து, அவர்களைச் சேர்த்தும் விலக்கியும் இரண்டு முறை கணக்குப் பாருங்கள்.

8. திருத்துவதற்கு முன் விதிகளை எழுதுங்கள்

விடைத்தாளைப் பிரிப்பதற்கு முன்பே விதிகளை எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். என் விதிகள்: எழுத்துப்பிழையை மன்னிக்கலாம் ('ஏனி' என்றாலும் ஏணிதான்). பேச்சு வடிவத்தை ஏற்கலாம் ('குதர' என்றாலும் குதிரைதான்). ஒலிக் கேள்வியில் காதால் கேட்ட இணைச்சொல்லை எழுதியிருந்தால் மதிப்பெண் இல்லை, ஆனால் தனியே எண்ண வேண்டும்.

இரண்டு பேர் 'வாளி' என்பதற்குப் பதிலாகப் 'பக்கெட்' என்று எழுதியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் இருவருக்கும் அந்தச் சொல் மஞ்சப்பைக் கேள்வியோடு வந்திருந்தது. சொல் போய், பொருள் மட்டும் தங்கியிருக்கிறது! இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆனால் மூன்று மாத உழைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு விடைகள் அவை. இப்படி வருபவற்றை வீசிவிடாமல் தனிப் பத்தியில் குறித்து வையுங்கள்.

9. கணக்கு

ஒருவருக்கு ஒரு வரி, மூன்று வகைக்கு மூன்று பத்தி. மீள் அளவீட்டு அனோவா (ஒரே ஆட்களின் மூன்று வகை மதிப்பெண்களையும் சேர்த்து ஒப்பிடும் கணக்கு) போட்டு, அப்புறம் இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். மூன்று ஒப்பீடு செய்வதால் தற்செயலான வேறுபாடு உண்மைபோலத் தெரியும் வாய்ப்பு கூடும், அதைச் சரிசெய்யப் போன்ஃபெரோனி அல்லது ஹோம் திருத்தம் வேண்டும். நினைவுகூர்தலில் பூஜ்யங்கள் நிறைய இருந்தால், மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரவரிசையை ஒப்பிடும் ஃப்ரீட்மன் சோதனை பாதுகாப்பானது. ஜமோவி, ஜாஸ்ப் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இவை எல்லாம் அவற்றில் உண்டு. காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லும் கடைகளிடமும் போகாதீர்கள். வாய்மொழித் தேர்வில் அந்த எண்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடையாளம் காண்பதில் 'பார்த்தேன்' என்று எல்லாவற்றையும் குறிப்பவர்கள் இருப்பார்கள். பார்க்காத புதிய சொற்களில் எத்தனையைத் தவறாகக் குறித்தார் என்று ஒவ்வொருவருக்கும் எண்ணிப் போடுங்கள்.

10. செலவும் நாட்களும்

ஒருவருக்கு 7 பக்கம். நான் நகலெடுத்த கடையில் பக்கம் ஒன்றரை ரூபாய். முன்னோட்டம் சேர்த்து 42 பேருக்கு 441 ரூபாய். டீயும் பிஸ்கட்டும் 36 பேருக்கு 540. பேருந்து, பேனா, கோப்பு எல்லாம் சேர்த்து 250. மொத்தம் 1,231 ரூபாய். முதல் சுற்றில் வீணாய்ப் போனது தனி. பணமாகக் கொடுப்பதைவிட டீ வாங்கிக் கொடுப்பது எல்லோருக்கும் சங்கடமில்லாமல் இருந்தது. எதுவாக இருந்தாலும் நெறிமுறை விண்ணப்பத்தில் அதையும் எழுத வேண்டும்.

நாட்கள்: கேள்வியும் சொல்லும் இரண்டு வாரம், நெறிமுறைக் குழு எனக்கு ஐந்து வாரம், முன்னோட்டம் மூன்று நாள், நாளுக்கு நான்கு பேராகத் தரவு ஒன்பது நாள், திருத்த இரண்டு நாள், கணக்கும் எழுத்தும் மூன்று வாரம். மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இடையில் பருவத் தேர்வும் பொங்கல் விடுமுறையும் வருகின்றனவா என்று பாருங்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒருவரும் வரமாட்டார்கள்.

11. வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடியவை

'பொருள் கேள்விக்கு அதிக நேரம் யோசித்திருப்பார்கள், நேரம்தானே காரணம்?' இது அநேகமாக வரும். 1975-இலேயே இதற்குப் பதில் இருக்கிறது. உயிர், மெய் எழுத்துகள் எந்த வரிசையில் வந்திருக்கின்றன என்று பார்க்கச் சொல்லும் கடினமான தோற்றக் கேள்வி ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்கு எளிய பொருள் கேள்வியைவிட அதிக நேரம் பிடித்தது. ஆனாலும் அந்தச் சொற்கள் குறைவாகவே நினைவில் நின்றன.

'ஆழம் என்பதை எப்படி அளந்தீர்கள்?' இதற்கு நேரடி அளவுகோல் இல்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். நன்றாக நினைவிருப்பதால் ஆழம் என்பதும், ஆழமாக யோசித்ததால் நினைவிருக்கிறது என்பதும் சுற்றி வந்து ஒன்றாகிவிடும் என்பது இந்தக் கருத்தின் மீதான பழைய குறை. அதை நீங்களே முதலில் சொன்னால் தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

'ஒலிக் கேள்வி எப்போதுமே பொருள் கேள்வியைவிடத் தாழ்ந்ததா?' இல்லை. 1977-இல் மாரிஸ், பிரான்ஸ்ஃபோர்ட், ஃபிராங்க்ஸ் மூவரும், கடைசியில் வைக்கும் சோதனையே ஒலியைப் பற்றியதாக இருந்தால் ('பார்த்த சொல்லோடு ஒத்து ஒலிக்கும் சொல் எது?') ஒலியை யோசித்தவர்களே முந்துகிறார்கள் என்று காட்டினார்கள். அதனால் உங்கள் முடிவுரையில் 'பொருளை யோசித்தால் எல்லாம் நினைவிருக்கும்' என்று எழுதாதீர்கள். 'இந்த வகை நினைவுகூர்தலில்' என்று வரம்பு கட்டி எழுதுங்கள்.

தேர்வுக்குப் போகும்போது ஒரு படிவத்தின் ஸ்லைடுகளும் குரல்பதிவும் மடிக்கணினியில் தயாராக இருக்கட்டும். என்னிடம் வெளித்தேர்வாளர் 'எனக்கு ஒரு பத்துச் சொல் போட்டுக் காட்டுங்கள்' என்றார். காட்டி முடித்து, கேள்வி பதில் எல்லாம் ஓய்ந்து எழுந்திருக்கும்போது, 'ஊசி, ஏணி, படகு' என்று அவரே சொன்னார். மூன்றும் மஞ்சப்பைக் கேள்வியோடு வந்த சொற்கள்.